எக்ஸ்ரேயில் தெரிந்த மூன்று ஊசிகள்

போன வருடத்துக்கு முந்தைய வருடம், தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்தபோது நடந்தது இது. ஈப்போவிலிருந்து கோப்பெங் போகும் சாலையோரத்தில் ஒரு தாமான், புதிதாக எழுந்த குடியிருப்பு. அங்கே மூலை வீடு ஒன்றை வாங்கி நாங்கள் குடிபோய் அப்போது ஏழு மாதம் ஆகியிருந்தது. நானும் என் வீட்டுக்காரரும் மட்டும்தான். அவர் தொழிற்சாலையில் போர்க்லிப்ட் ஓட்டுகிறார், நான் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறேன். காலையில் ஒரு நடை, மத்தியானம் ஒரு நடை. நடுவில் நாலைந்து மணி நேரம் வீட்டில் தனியாக இருப்பேன்.

அந்த இடம் முன்பு ரப்பர் தோட்டம். தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வீடுகளை இடித்துவிட்டுத்தான் தாமான் கட்டினார்கள். எங்கள் பின்பக்கத்துச் சாக்கடையைத் தாண்டினால், வெட்டாமல் விட்ட பால்மரங்கள் இன்னும் நிற்கின்றன. அவற்றுக்கு நடுவே லயத்துச் சனங்கள் குளித்த சிமெண்டுத் தொட்டி ஒன்று பாதி உடைந்து கிடக்கிறது. பட்டப்பகலிலும் அங்கே வெளிச்சம் பச்சையாகத்தான் இருக்கும். காற்றே இல்லாத நேரத்தில் ரப்பர்க் காய் வெடித்து, கொட்டை எங்கள் தகரக் கூரைமேல் 'டப்' என்று விழும். புதிதில் ஒவ்வொரு 'டப்'புக்கும் எனக்குத் தூக்கிவாரிப்போடும்.

ஆனால் நான் பயந்தாங்கொள்ளி இல்லை. பதினான்கு பிள்ளைகளை வேனில் ஏற்றி, கத்தியே அடக்கி, லாரிகளுக்கு நடுவே ஓட்டிக்கொண்டு போகிறவள். மந்திரம், மாந்திரீகம் என்று யாராவது ஆரம்பித்தால் வாய்விட்டுச் சிரிப்பேன். பால் காய்ச்சிய அன்றே, இந்த வீட்டுக்குள் தகடு, தாயத்து என்று ஒன்றும் வரக்கூடாது என்று என் வீட்டுக்காரரிடம் கறாராகச் சொல்லியிருந்தேன். அவரும் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார்.

பக்கத்து வீட்டில் ஓர் அக்கா தனியாக இருக்கிறார். கிறிஸ்துவர். ஈப்போவில் ஒரு பிராணிகள் கிளினிக்கில் உதவியாளர் வேலை. கிளினிக் வாசலில் யாரோ அட்டைப்பெட்டியில் போட்டுவிட்டுப் போன நாய்க்குட்டி ஒன்றை அவர்தான் எங்களுக்குக் கொண்டுவந்து கொடுத்தார். கருப்பும் பழுப்பும் கலந்து சோயா சாஸ் நிறத்தில் இருந்ததால், அந்தச் சாஸின் மலாய்ப் பெயரையே வைத்து அதைக் கிச்சாப் என்று கூப்பிட்டோம்.

கிச்சாப்புக்கு வாய் சும்மா இருக்காது. செருப்பு, போன் சார்ஜர், ரிமோட்டுக்குள் இருந்த பேட்டரி, வேனில் பிள்ளைகள் விட்டுப்போன ரப்பர் பேண்டு, எல்லாம் அதன் வாய்க்குள்தான் போகும். நான் துரத்திக்கொண்டு ஓடுவேன், அது சோபாவுக்கு அடியில் புகுந்து வேக வேகமாக மெல்லும். இதைப் பார்த்த அக்கா தலையில் அடித்துக்கொண்டார்.

"தொரத்தாதலா. தொரத்துனா, பறிச்சிக்குவேன்னு பயந்துக்கிட்டு முழுங்கிடும். ஈரலக் காட்டு. தானா கீழ வைக்கும்."

அன்றிலிருந்து வேகவைத்த கோழி ஈரல் ஒரு டப்பாவில் எப்போதும் பிரிட்ஜில் இருக்கும். 'விடு' என்று சொல்லி ஈரலை நீட்டினால், கிச்சாப் வாயில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடிவரும். ஒரே வாரத்தில் பழகிவிட்டது. எனக்கும் பெருமை தாங்கவில்லை.

அந்தத் திங்கட்கிழமை காலை நடை முடித்து வீட்டுக்கு வந்தேன். கிச்சாப் வாசற்படியில் உட்கார்ந்திருந்தது. அதன் முன்னால் கருப்பாக, கோலிக்குண்டு அளவில் ஏதோ கிடந்தது. காய்ந்த பாக்கு என்று நினைத்துக் கையில் எடுத்தேன். பாக்கு இல்லை, வற்றிப்போன எலுமிச்சம்பழம். அதன் நடுவில் ஓர் ஆணி இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வந்திருந்தது.

கீழே போட்டுவிட்டேன். கையை ஐந்து முறை சோப்பு போட்டுக் கழுவினேன். எங்கிருந்தோ குப்பையைத் தூக்கி வந்திருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் ஒரு விஷயம் உறுத்தியது. கண்டதையெல்லாம் கடித்துக் குதறுகிற நாய்க்குட்டி, அந்தப் பழத்தில் ஒரு பல்கூடப் பதிக்கவில்லை. கொண்டுவந்து வைத்துவிட்டுக் காவல்போல உட்கார்ந்திருந்தது.

புதன்கிழமை உச்சி வேளையில் அடுத்தது வந்தது. சுருட்டிய செம்புத் தகடு, சுண்டுவிரல் நீளம், பச்சை பூத்திருந்தது. கறுப்பு நூல் சுற்றியிருந்தது. இந்த முறை கையால் தொடவில்லை. இரண்டு குச்சியை வைத்துப் பிரித்தேன். உள்ளே கட்டம் கட்டமாகக் கீறி, என்னென்னவோ எழுத்துகள். நடுக்கட்டத்தில் இருந்ததை மட்டும் என்னால் படிக்க முடிந்தது.

என் பெயர்.

கூரையில் ரப்பர்க் கொட்டை 'டப்' என்று விழுந்தது. நான் அசையவில்லை. கிச்சாப் என்னைப் பார்க்கவில்லை. வீட்டின் பின்மூலையைப் பார்த்துக் காதை விறைத்துக்கொண்டு மெல்ல முனகியது. அங்கே வேலியும் வேலியோரச் செடியும் வெயிலும் தவிர ஒன்றும் இல்லை. மந்திரத்தைப் பார்த்துச் சிரித்த எனக்கு அன்றைக்கு நிஜமாகவே பயம் வந்துவிட்டது. அதை ஒத்துக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

சாயங்காலம் என் வீட்டுக்காரரிடம் காட்டினேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. "நீ இதத் தொட்டியா?" என்றுதான் முதலில் கேட்டார். "பழத்த மட்டும் தொட்டேன்" என்றேன். உடனே இரண்டையும் பைக்குள் போட்டு, மோட்டார் சைக்கிளில் எடுத்துப் போய் ஆற்றில் போட்டுவிட்டு வந்தார். "இனிமே எது வந்தாலும் கைய வைக்காதலா, சொல்லிட்டேன்" என்றார். மறுநாள் காலையில் பார்த்தால் பின்மூலையில் ஒரு பெரிய கல்லைத் தூக்கி வைத்திருந்தார். இவரே இப்படிப் பயந்தால், இது உண்மையான செய்வினைதான் என்று நான் முடிவுகட்டிவிட்டேன்.

செய்வினை என்றால் செய்தவர் ஒருவர் வேண்டும் அல்லவா? என் மனம் ஆளைத் தேடியது. அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை காலை நான் கண்ட காட்சி நினைவுக்கு வந்தது. பக்கத்து வீட்டு அக்கா, மாதா கோயிலுக்குப் போகிற பட்டுச்சேலையோடு, கையில் சின்ன மண்வெட்டியை வைத்துக்கொண்டு, எங்கள் பின்மூலை வேலிக்கு மேலே குனிந்து மண்ணில் எதுவோ செய்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்துவிட்டு உள்ளே போனார். அவர் எலுமிச்சம்பழத்தில் ஆணி குத்துகிறவர் இல்லை, கையில் ஜெபமாலை உருட்டுகிறவர். ஆனால் பயம் வந்துவிட்டால் மதமெல்லாம் எங்கே கண்ணுக்குத் தெரிகிறது? தனியாக இருக்கிறார், நாங்கள் சந்தோஷமாக இருப்பது பொறுக்கவில்லை என்று கதையை நானே கட்டி முடித்தேன். வியாழக்கிழமை அவர் சுடச்சுடக் கறிபாப் பலகாரம் கொண்டுவந்து கொடுத்தார். வாங்கி வைத்து, அவர் போனதும் குப்பைத்தொட்டியில் கொட்டினேன்.

வெள்ளிக்கிழமை விடிந்ததிலிருந்து மழை. பதினொரு மணி இருக்கும். சமையல்கட்டில் இருந்தேன். பின்கதவு வழியாகக் கிச்சாப் நனைந்துகொண்டே உள்ளே வந்தது. வாயில் மெழுகு தடவிய துணி முடிச்சு ஒன்று. கல்லுக்குப் பக்கவாட்டில் தோண்டியிருக்கிறது. முடிச்சு பாதி பிரிந்து, உள்ளே ஊசி முனைகள் பளபளத்தன. கறுப்பு நூல் தொங்கியது.

நான் செய்திருக்க வேண்டியது மிகச் சின்ன வேலை. பிரிட்ஜ் எனக்கு இரண்டடி தூரத்தில் இருந்தது. டப்பாவைத் திறந்து, ஈரலை எடுத்து, 'விடு' என்று சொன்னால் போதும். அதுகூட வேண்டாம். தாடையைப் பிடித்துக் கையாலேயே எடுத்திருக்கலாம், அது கடிக்காது. ஆனால் விட்ட பிறகு அந்த முடிச்சை யார் தொடுவது? அதைத் தொட்ட வாய் என் கையை நக்கினால்? இந்த எண்ணம்தான் எனக்கு முதலில் வந்தது. துடைப்பத்தை எடுத்தேன். 'போ, வெளியே போ' என்று கத்திக்கொண்டே விரட்டினேன்.

கிச்சாப் மேசைக்கு அடியில் பதுங்கியது. துடைப்பக் குச்சி அதன் முகத்துக்குப் பக்கத்தில் போனதும், என் கண்ணைப் பார்த்துக்கொண்டே கழுத்தை ஒரு முறை நீட்டியது. தொண்டை ஏறி இறங்கியது. துணி மட்டும் தரையில் கிடந்தது. வாயோரத்தில் ஒரு விரல் நீளத்துக்கு நூல்.

என் வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். "தொடாத. நூல இழுக்காத. திருநீறு மட்டும் பூசு. நான் ஒருத்தரக் கூட்டிக்கிட்டு வாரேன்." நூலை இழுக்காதே என்று அவர் சொன்னது சரிதான், காரணம்தான் வேறு. நான் திருநீற்றுக் கிண்ணத்தை வைத்துக்கொண்டு நின்றேன். அதைப் பூசக்கூட நாயின் பக்கத்தில் போகவில்லை, தூர நின்று தூவினேன். கிச்சாப் எச்சில் ஒழுக, முன்காலால் வாயைப் பிறாண்டிக்கொண்டே இருந்தது. அப்படி இருபது நிமிடம் போனது. என் வாழ்க்கையில் நான் மிகவும் வெட்கப்படுகிற இருபது நிமிடம் அதுதான்.

அன்று அக்காவுக்கு விடுமுறை. நான் விடாமல் போட்ட சத்தத்தில் குடைகூட இல்லாமல் வந்துவிட்டார். "வராதீங்க!" என்று கத்தினேன். அவர் என்னைத் தள்ளிவிட்டுத் தரையில் மண்டியிட்டார். வெறுங்கையால் தாடையைத் திறந்து, நாக்கைத் தூக்கிப் பார்த்தார்.

"நூல் உள்ள போகுது. ஊசி இருந்திச்சா?"

தலையாட்டினேன்.

"அப்ப இழுக்கக் கூடாது. தண்ணி குடுக்கக் கூடாது, வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. எல்லாம் கிழிச்சிரும். வேன எடு."

இன்னொரு வேன்காரருக்குப் போன் செய்து என் மத்தியான நடையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். அக்கா கிளினிக்குக்குச் சொல்லிவிட்டு, கிச்சாப்பைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். சாலையே தெரியாத மழை. இருபுறமும் சுண்ணாம்பு மலைகள் மேகத்துக்குள் போய்விட்டன. பின்னால் பதினான்கு காலி இருக்கைகள், கிச்சாப்பின் மூச்சுச் சத்தம், வைப்பர் சத்தம். எத்தனை ஊசி என்று அக்கா கேட்டார்.

எனக்குள் அடக்கி வைத்திருந்தது உடைந்துவிட்டது. "அது ஒங்களுக்குத்தானக்கா தெரியும்? நீங்கதான பொதச்சீங்க?" என்றேன்.

அக்கா கிச்சாப்பின் தலையைச் சாயாமல் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்தபடியே இருந்தார்.

"ஒன் நாயி தோண்டுன குழிய மூடி, அங்க பாண்டான் செடி ஊணுனேன். வேருல சாணிகூடப் போட்டிருக்கேன், போயிப் பாரு" என்றார். கொஞ்சம் கழித்து, "ரோட்டப் பாத்து ஓட்டு" என்றார்.

கிளினிக்கில் மருத்துவர் ஒரு சீனப் பெண். உடனே எக்ஸ்ரே எடுத்தார். திரையில் கிச்சாப்பின் விலா எலும்புகள் மீன்முள்போல வெள்ளையாகத் தெரிந்தன. அவற்றுக்குக் கீழே வயிற்றில், எலும்பைவிட வெள்ளையாக மூன்று கோடுகள். மூன்றும் ஒரே பக்கம் முனை காட்டி, யாரோ அடுக்கி வைத்த மாதிரி படுத்திருந்தன. மூன்று ஊசி, வயிற்றைத் திறந்து எடுத்துவிடலாம் என்று மருத்துவர் சொன்னார். மயக்க மருந்துக்கு ஆயத்தம் செய்யச் சொல்லித் திரும்பினார்.

அப்போதுதான், அக்கா போனில் சொன்னதைக் கேட்டு என் வீட்டுக்காரர் வந்தார். கூட்டிவரப் போன ஆள் போனை எடுக்கவில்லையாம். வேலைச் சட்டை சொட்டச் சொட்டக் கதவோரம் நின்று திரையைப் பார்த்தார். வாய்க்குள்ளேயே எண்ணினார்.

"நாலு இருக்கணுமே" என்றார்.

அறையில் இருந்த எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தோம். மருத்துவருக்குத் தமிழ் தெரியாது. அக்காதான் மலாயில் சொன்னார். மருத்துவர் ஏன், எப்படி என்று ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கழுத்தை மட்டும் இரண்டு கோணத்தில் மறுபடி எடுத்தார். முதல் படத்தில் தெரியவில்லை. இரண்டாவது படத்தில், தாடை எலும்பின் நிழலுக்குப் பின்னால், நாக்கின் அடிவேரில் சதைக்குள் புதைந்து நின்றது நான்காவது ஊசி. மயக்க மருந்துக் குழாயை அப்படியே நுழைத்திருந்தால் அது தொண்டையைக் கிழித்திருக்கும் என்றார் மருத்துவர்.

உள்ளே இரண்டு மணி நேரம் ஆனது. வெளியே பெஞ்சில் நாங்கள் மூவர். என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். வீடு வாங்குவதற்கு முந்தைய வருடம் லகாட் ஊர்ப் பக்கத்துச் சிக்னலில் ஒரு லாரி என் வேனை இடித்தது. நல்லவேளை, வேனில் பிள்ளைகள் இல்லை, எனக்கும் ஒரு கீறலோடு போனது. நான் மறுவாரமே வேனை எடுத்துவிட்டேன். அவருக்குத்தான் அன்றிலிருந்து தூக்கம் போயிருக்கிறது. புது வீடு லயம் இருந்த மண்ணில் என்று தெரிந்ததும் பயம் இரட்டிப்பாகிவிட்டது. எனக்குத் தெரியாமல் ஓர் ஆளைக் கூட்டிவந்து, நான் நடை போன நேரத்தில், வீட்டின் நாலு மூலையிலும் கட்டு போட்டிருக்கிறார். மூலைக்கு ஒரு பழம், ஒரு தகடு, நாலு ஊசி. யாரைக் காக்க வேண்டுமோ அவர் பெயர் தகட்டில். வெளியே சொன்னால் கட்டு உடைந்துவிடும், தோண்டி எடுக்கிற உயிருக்குத் தீங்கு வரும் என்று அந்த ஆள் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

"ஒனக்கு ஒன்னும் ஆகக் கூடாதுன்னுதான் செஞ்சேன்" என்றார். அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் முறை. எனக்குக் கோபமும் வந்தது, அவர் தலையைக் கோதிவிட வேண்டும்போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு அக்கா பக்கம் திரும்பி மன்னிப்புக் கேட்டேன். கறிபாப்பைக் கொட்டியதையும் சொல்லிவிட்டேன். அதற்குத்தான் அவர் முகம் முதலில் மாறியது.

"தம்பி பயந்தாரு, பொதச்சாரு. அது அவரோட போச்சு. நீ பயந்து, அதுக்கு என் மொகத்த மாட்டிவிட்டுட்டியே தங்கச்சி" என்றார். திட்டியிருந்தால் பரவாயில்லை. சாதாரணமாகச் சொல்லிவிட்டு, துண்டைப் பிழிந்து காயப்போட எழுந்து போனார்.

கிச்சாப் பிழைத்துக்கொண்டது. அடுத்த வாரம், கழுத்தில் பிளாஸ்டிக் வளையம் மாட்டியபடி வீட்டுக்கு வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூவருமாக மற்ற மூலைகளைத் தோண்டினோம். இரண்டு மூலைகளில் என் வீட்டுக்காரர் வைத்தது வைத்தபடி கிடைத்தது. மூன்றாவது, முன்பக்கத்து மூலை. அவர் வைத்ததை எடுத்த பிறகும், மிச்சம் மீதி இருக்கிறதா என்று இன்னும் ஓரடி வெட்டினார். மண்வெட்டி 'டங்' என்று பட்டது.

ஒரு மண்கலயம். வாயில் தகரம் வைத்துக் கம்பியால் கட்டியிருந்தது. கை வைத்ததும் தகரம் பொடிந்தது. உள்ளே ஆணிகள் துருவேறி ஒரே கட்டியாக இருந்தன. அவற்றின் மேல் ஒரு கண்ணாடி வளையல், பிறந்த குழந்தை கையில்தான் ஏறும்.

"இது நான் வெச்சதில்ல" என்றார் என் வீட்டுக்காரர்.

அக்கா சிலுவை போட்டுக்கொண்டார். "லயத்துல இருந்தவங்க, அவங்க புள்ளைக்கு ஒன்னும் ஆகக் கூடாதுன்னு வெச்சிருப்பாங்க" என்றார். அந்தக் குழந்தைக்கு என்ன ஆனது என்று யாருக்குத் தெரியும்? கலயத்தை இருந்த இடத்திலேயே வைத்து, நாய் தோண்டாதபடி மேலே சிமெண்டு போட்டு மூடினோம். நாங்கள் சிமெண்டு பூசிக்கொண்டிருந்த நேரமெல்லாம் கிச்சாப் எங்கள் பக்கம் திரும்பவில்லை. பின்வேலியோரம் உட்கார்ந்து, பால்மரங்களைப் பார்த்து மெதுவாக வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. தெரிந்த ஆளைப் பார்த்தால்தான் அது அப்படி ஆட்டும். நான் எழுந்து போய்ப் பார்த்தேன். மரங்கள்தான் இருந்தன. அதற்கு இன்றுவரை என்னிடம் விளக்கம் இல்லை, நானும் தேடவில்லை.

அக்கா பழையபடி பேசுவதற்கு இரண்டு மாதம் ஆனது. அது எனக்கு வேண்டிய தண்டனைதான். இப்போதும் எனக்குப் பயம் வருகிறது, வராமல் இருக்குமா? ஆனால் பயம் வந்ததும் யாருடைய முகம் முதலில் என் மனதில் வந்து நிற்கிறதோ, மற்ற வேலையெல்லாம் அப்புறம் என்று, நேரே அவர் வீட்டுக் கதவைத் தட்டிப் பேசிவிட்டு வந்துவிடுகிறேன்.